சுண்ணாம்புக் கோடு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? சிலர் அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். என்னைப் போன்ற சிலர் அடுப்படியில் என்ன வாசனை என்று பார்ப்போம். நான் சொல்லப் போகிற மனிதர் கூரையைப் பார்ப்பார். வாசலிலேயே நின்று, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்து முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். பார்த்தது மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் கழற்றவே மாட்டார். "இருக்கட்டுங்க, இங்கியே நின்னுக்கறனுங்க" என்று சொல்லிவிடுவார்.

அவர் கூரை கட்டுகிற ஆசாரி. பெருமாட்டிக்குக் கிழக்கே, எங்கள் தோப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார். நல்ல உயரம், ஒல்லியான உடம்பு. வருஷக்கணக்காக மேலே பார்த்துப் பார்த்து அவர் கழுத்து பின்பக்கமாகச் சற்று வளைந்தே போயிருந்தது. நமக்கு எதிரே நின்று பேசும்போதுகூட நம் தலைக்கு மேலே வேறு யாரையோ பார்ப்பது போல இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து அவரைப் போலப் பயந்த மனிதர் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

பயம் என்றால் பாம்புக்கோ பேய்க்கோ பயப்படுகிறவர் அல்ல. நல்ல பாம்பைக் கோலால் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் விடுவார். இரண்டு ஆள் உயரக் கூரையின் உச்சியில் பூனை மாதிரி நடப்பார். தான் மேலே நிற்கும்போது அவருக்குப் பயமே கிடையாது. கீழே மனிதர்கள் உட்கார்ந்திருந்தால்தான் பயம்.

அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு மோர் வாங்க வரும்போது ஒரு கதை சொல்லுவார். எத்தனை தடவை சொன்னாலும் என் மனைவி புதிதாகக் கேட்பது போலவே சிரிப்பாள்.

"பொண்ணு பாக்க வந்து போட்டு என்ற மூஞ்சிய ஒருக்காகூடப் பாக்கலீங்கக்கா. மேலயே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. எங்கய்யன், 'பொண்ணு புடிச்சிருக்குதுங்களா'ன்னு கேட்டா, 'வாசப்படில இருந்து மூணாவது சட்டம் செல்லரிச்சிருக்குதுங்க, மாத்திப்போடுங்க'ங்கறாரு!"

"அப்பறம்?"

"அப்பறமென்ன, எங்கய்யன் ஏறிப் பாத்தாரு. நெசமாலுமே அரிச்சிருந்துச்சு. சட்டத்தையும் மாத்துனாரு, பொண்ணையும் குடுத்தாரு."

இன்னொரு சங்கதி நானே கண்டது. ஒரு நாள் அவரும் நானும் பொள்ளாச்சியில் ஆணி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது கோபாலபுரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்த சாயாக்கடைக்குள் ஓடினோம். அவர் மட்டும் வாசல் வரை வந்து, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மழையிலேயே நின்றார்.

கடைக்காரர் வாய்க்காரர். "ஏனுங்க ஆசாரியாரே, ஆகாசமே தலைல வுழுந்துரும்னு பயமுங்களா?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"ஆகாசத்துல மனுசன் கை படலீங்களே. அதனால அதை நம்பறனுங்க" என்றார் இவர், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சாயா குடித்து முடிக்கும் வரை நான் இரண்டு முறை மேலே பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் சிரித்துவிட்டு அதே இடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. ஒரு முறை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, நடுவில் பெஞ்சு போடாதீர்கள் என்று சொல்லி, வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் தெருமுனை தாண்டியதும் வாத்தியார் பெஞ்சைச் சற்றுத் தள்ளிப் போடச் சொன்னாராம். அந்தக் கூரைக்கு இன்று வரை ஒன்றும் ஆகவில்லை.

அவர் கட்டிய கூரை ஏதோ ஒன்று எப்போதோ விழுந்து யாருக்கோ ஆபத்து நேர்ந்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "இல்லீங் தம்பி. இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க. அதுதானுங்க பயம். ஒருக்கா வுழுந்திருந்தா, எந்தப் பக்கம் வுழுகும்னாவது தெரிஞ்சிருக்குமுங்க."

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் என் இரண்டு பெண்களையும் அவர்களுடைய மாமன் மாட்டுப்பட்டிக்கு அழைத்துப் போயிருந்தான். என் மனைவியின் தம்பி அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. மூத்தவள் சரசுவுக்கு அப்போது எட்டு வயது, சின்னவள் தங்கத்துக்கு ஐந்து. திரும்பி வந்தவர்கள் அணையையும் பேசவில்லை, மலையையும் பேசவில்லை. மானேஜர் பங்களாவின் பின்பக்கத்தில், அவருடைய குழந்தைகள் விளையாடுவதற்கென்றே ஒரு சின்ன வீடு இருந்ததாம். அதையே பேசினார்கள்.

"கதவு இருக்குதுப்பா, சன்னல் இருக்குது, ரெண்டு பக்கமும் சாஞ்ச செவப்புக் கூரை இருக்குது" என்றாள் சரசு.

"நாங்க உள்ள போலாம். நீங்க வர முடியாது" என்றாள் தங்கம். அதுதான் அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். எனக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் உண்டு. பங்களா கட்டுகிற ஆள் அல்ல. ஆனாலும் பிள்ளைகள் ஒரு வாரம் தூக்கத்தில்கூட அதையே பேசியபோது, கட்டிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை மரங்கள், ஒன்றுக்கொன்று எட்டடி தூரத்தில், தூண் நட்டது போல நேராக நின்றன. இரண்டையும் சேர்த்து உயரத்தில் ஒரு நீள மரத்தைக் கட்டினால் அதுவே கூரையின் முகடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் சட்டங்களைச் சரித்து இறக்கி, மேலே கீற்று வேய வேண்டியதுதான். தூண் நடும் வேலை மிச்சம். இதை யோசித்துக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. கூரைச் சட்டம் பூட்ட மட்டும் ஆசாரியை அழைத்தேன்.

அவர் பின்கட்டுக்கு வந்தார். இரண்டு மரங்களின் உச்சியையும் பார்த்தார். அடுத்த நொடி, மரத்தடியில் நின்ற என் பெண்கள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துத் தரதரவென்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போய் நிறுத்தினார். அதன் பிறகுதான் பேசினார்.

"ஏனுங் தம்பி, மேல முப்பது காய் தொங்குதுங்க. கீழ கொழந்தைகளை உக்கார வெக்கறீங்களா?"

அவர் சொன்னது நியாயம். ஆளை வரவழைத்துக் காய், குரும்பை, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் இறக்கினேன். அவர் மறுபடி வந்து சுற்றிப் பார்த்தார்.

"சரீங்க. கால் எங்கீங்க?"

"இதோ ரெண்டு நிக்குதே. முப்பது வருசத்து மரம். இதைவிடக் கெட்டியான கால் எங்கீங்க கெடைக்கும்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டியா இருக்கறது வேறீங்க தம்பி, சும்மா நிக்கறது வேறீங்க. காத்தடிச்சா இது இக்கட்டப் போகும், அது அக்கட்டப் போகும். ரெண்டு மாட்டுக் கழுத்துல ஒரே கயித்தைக் கட்டிப் போட்டு, நடுவுல புள்ளைகளை உக்கார வெக்கற மாதிரிங்க. நாலு கால் நட்டு, தனியாக் கட்டலாமுங்க."

"ஆடறது உச்சிதானுங்க ஆசாரியாரே. நாம கட்டறது ஆளு உசரத்துல. அங்க என்ன ஆடப்போகுது? என்ற அய்யன் காலத்துல இருந்து தென்னை மரத்துல தொட்டில் கட்டறோம், ஊஞ்சல் கட்டறோம்."

"தொட்டில் தொங்கறதுங்க. கூரை நிக்கறதுங்க."

நான் விடவில்லை. அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் நானே கண்டுபிடித்த யோசனை ஆயிற்றே. "உங்களுக்குப் பயம்னா வுடுங்க. நானே பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் பையைத் திறந்து அளவு நூலை எடுத்தார். "நான் கட்டலீன்னா நீங்களே கட்டிப்போடுவீங்க. அதை நெனச்சா இன்னும் பயமா இருக்குதுங்க" என்றார்.

வேலை நான்கு நாள் நடந்தது. மரத்தில் ஆணி அடிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு தென்னையிலும் ஒரு மரக்கட்டையைக் கயிற்றுப் புரியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பனை முகட்டு மரத்தின் முனையை உட்கார வைத்து, அதையும் கட்டினார். சட்டங்களை அளந்து, முனையைச் சாய்வாக வெட்டி, முகட்டில் ஒன்றோடொன்று முட்டக் கொடுத்துப் பூட்டினார். ஒவ்வொரு சட்டம் ஏறியதும் அதைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தொங்குவார். அந்த உயரமான மனிதர் முழங்காலை மடக்கிக்கொண்டு ஆளுயரக் கூரையில் தொங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மரம் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பார்.

அந்த நான்கு நாளில்தான் என் பெண்கள் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. முதல் தடவை தங்கம் அப்படிக் கூப்பிட்டபோது அவர் திடுக்கிட்டு, வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துக்காரன் வீட்டுக் குழந்தை ஆசாரியை அப்படி உறவு சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டதும் மறுபடி மரத்தை இழைக்க ஆரம்பித்தார். அன்று இழைத்த சட்டம் கண்ணாடி மாதிரி இருந்தது.

கூரைக்கு ஓடு போட வேண்டும், அப்போதுதான் சிவப்பாக இருக்கும் என்று சரசு அழுதாள். அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கீற்றுத்தான் வேய்ந்தார். மறுநாள் ஒரு பலகையை முக்கோணமாக அறுத்து, காவி பூசி, கூரையின் முன்பக்கத்தில் பொருத்திவிட்டார். வாசலுக்கு நேராக நின்று பார்த்தால் சிவப்பாகத் தெரியும். "இங்க இருந்து மட்டும் பாருங் கண்ணு" என்று நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லையும் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் ஒரு காரியம் செய்தார். மடியிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்து, விரலில் தொட்டு, முகட்டு மரமும் அதைத் தாங்கும் கட்டையும் சேர்கிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இரண்டு தென்னையிலும் அப்படியே. பாதிக் கோடு முகட்டில், பாதிக் கோடு கட்டையில்.

"இது எதுக்குங்க?"

"மரம் பேசாதுங்களே. இதாவது சொல்லும்" என்றார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் வந்தார். கோட்டைப் பார்த்தார், போய்விட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு மாதம் வந்தார். மழை கழுவினால் மறுபடி இழுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து, "மாமா, வாங்க, சோறு உண்ணுங்க" என்று கொட்டாங்குச்சியில் மண்ணை நீட்டுவார்கள். "அப்பறமா வாரேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட உள்ளே நுழைந்ததில்லை.

என் மனைவி ஒரு நாள் கேட்டேவிட்டாள். "நீங்க கட்டுன கூரைக்கு நீங்களே காவல் நிக்கறீங்களே, அப்படியென்னுங்க வெசனம்?"

"நாங்கட்டுனதுனாலதானுங்கம்மா."

ஆனி பாதியில் காற்று மெல்ல ஆரம்பித்தது. ஒரு காலையில் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேற்கு மரத்துக் கோடு நடுவில் இரண்டாகியிருந்தது. முகட்டில் இருந்த பாதியும் கட்டையில் இருந்த பாதியும் ஒரு நெல் அகலத்துக்கு விலகி நின்றன.

"காஞ்ச சுண்ணாம்பு வெடிக்கத்தான் செய்யும்" என்றேன்.

"வெடிச்சா அதே எடத்துல வெடிக்குமுங்க தம்பி. இது தள்ளிப் போயிருக்குது." கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். புதுக் கோடு இழுத்தார். "காத்து எச்சா அடிக்கற அன்னிக்குக் கொழந்தைகளை உள்ள வுடாதீங்க" என்று என்னிடமும் சொன்னார், என் மனைவியிடமும் சொன்னார், போகும்போது மாடு கட்டுகிற ஆளிடமும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் அன்று முதல் காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, பின்கட்டுக்குப் போய் அந்தக் கோட்டைப் பார்ப்பதாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக மேற்குக் காற்று முழுவதும் எங்கள் மேல்தான் வந்து இறங்கும். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் சும்மா இருந்த காற்று, உச்சிப் பொழுதுக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. என் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள், நான் கடலைக்காட்டில் இருந்தேன். தூரத்தில் எங்கள் தோப்பு ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்வது தெரிந்தது. மனசு கேட்காமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன்.

பின்கட்டுக்கு வந்தபோது விளையாட்டு வீட்டுக்குக் கூரை இல்லை. முகடும் சட்டங்களும் கீற்றும் ஒரு குவியலாகத் தரையில் கிடந்தன. பிறகுதான் கொட்டகைப் பக்கம் இரண்டு பிள்ளைகளும் நிற்பதைப் பார்த்தேன். சரசுவின் கையில் ஒரு மோர்ச் செம்பு இருந்தது. இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆசாரி அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு முழுக்க வியர்வை. இரண்டு மைல் தள்ளி வேலை செய்துகொண்டிருந்தவர், காற்று கிளம்பியதும் ஓடி வந்திருக்கிறார்.

"அப்பா, எங்க பங்களாவைக் காத்து தள்ளிப்போட்டிருச்சு!" என்றாள் சரசு. "மாமா மோர் கேட்டாரு. எடுத்துட்டு வாரதுக்குள்ள விழுந்திருச்சு!"

நான் குவியலுக்குப் பக்கத்தில் போனேன். கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காற்று பிய்த்த கயிறு நார் நாராக இருக்கும். இது ஒரே வெட்டில் அறுபட்டிருந்தது.

பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அவரிடம் வந்தேன். எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. "என்ற ஊட்டுக்குள்ள வந்து, என்ற புள்ளைக வெளையாடற கூரையை அறுத்துப் போடறதுக்கு நீங்க யாருங்க? நின்னுட்டுத்தானே இருந்துச்சு?"

"நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு?"

"நின்னுட்டு இருந்ததுனாலதானுங்க தம்பி கொழந்தைக உள்ள உக்காந்திருந்தாங்க."

"சரி, அறுத்தீங்க. காத்து தள்ளுச்சுன்னு எதுக்கு அந்தப் பொய்யி?"

அதற்குத்தான் அவர் தலை குனிந்தார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "மோர்ச் செம்போட வந்து நின்னு மொகத்தைப் பாத்தாங்க. வாய் தானா சொல்லிப்போட்டுது. தயவு பண்ணி நாந்தான்னு சொல்லிப்போடாதீங்க. மாமான்னு கூப்புடுதுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு மட்டும் அல்ல. உண்மையைச் சொன்னால், மரத்தில் கட்டலாம் என்று பிடிவாதம் பிடித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டுமே.

அன்று சாயங்காலமே காற்று அடங்கிவிட்டது. இரண்டு தென்னையும் ஒன்றுமே நடக்காதது போல நின்றன. அந்தக் கூரை அப்படியே விட்டிருந்தால் நின்றிருக்குமா, விழுந்திருக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

சரசு இரண்டு நாளில் மறந்துவிட்டாள். தங்கம்தான் மறக்கவில்லை. காற்று ஒரு கூரையைத் தள்ளிவிட்டது என்று அவளிடம் ஒரு பெரியவரே சொல்லிவிட்டார். எங்கள் ஊரிலோ ஆடி முழுக்கக் காற்று. மட்டை உரசினால் காதைப் பொத்திக்கொள்வாள். பின்கட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். சாப்பிட உட்கார்ந்தால் சுவர் ஓரமாக ஒட்டிக்கொள்வாள். ஒரு நாள் வாசலில் நின்று, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கூரையைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே காலை வைத்தாள்.

என் மனைவி அதைப் பார்த்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அந்த மனுசனோட கண்ணு இவளுக்கு ஒட்டிக்கிச்சுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க இது இருந்துவிட்டால்?

நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். திட்டவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன். வாசலில் நின்று மேலே பார்த்தாள் என்று சொன்னதும் அவர் இழைப்புளியை அப்படியே நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை நான்கு பனங்கால்களோடு வண்டியில் வந்து இறங்கினார். தென்னைகளுக்கு எட்டாத வெட்ட வெளியில் குழி தோண்டி, நான்கையும் நட்டு, கல் போட்டு இடித்தார். பழைய முகடு, பழைய சட்டங்கள், புதுக் கீற்று. மூன்று நாள் யாரோடும் பேசாமல் வேலை செய்தார். காவிப் பலகையும் பழைய இடத்துக்கு வந்தது. கூரை முடிந்தது. தொங்கிப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். ஆனால் சுண்ணாம்பு டப்பியை இந்தத் தடவை எடுக்கவில்லை.

சரசு ஓடி வந்து உள்ளே புகுந்தாள். தங்கம் அடுப்படி வாசலிலேயே நின்றாள். "நா வல்ல. காத்து வரும்" என்றாள்.

அவர் அவளிடம் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மிணி, காத்து ஒண்ணும் பண்ணலை கண்ணு. நாந்தான் அறுத்துப் போட்டேன்."

உள்ளேயிருந்து சரசு வெளியே வந்தாள். "மாமா, பொய்யா சொன்னீங்க? மோர் கேட்டதும் பொய்யா?"

"மோர் கேட்டதும் பொய்தான் கண்ணு."

"போங்க! உங்ககூடக் காய்!" கட்டை விரலைக் கன்னத்தில் வைத்து எடுத்துவிட்டு, அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அவர் அவள் போன திசையையே பார்த்தார். இதற்குப் பயந்துதானே அன்று அந்தப் பொய்யைச் சொன்னார்.

நான் ஏதாவது பேசியாக வேண்டும் என்று தோன்றியது. "மரத்துல கட்டச் சொன்னது நாந்தான் தங்கம். மாமா அப்பவே வேண்டாம்னாரு" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கணக்கு அவரோடுதான்.

"எதுக்கு அறுத்தீங்க?"

"பயந்துட்டேன் கண்ணு."

"நீங்க பெரியவங்கதான?"

"பெரியவங்களுக்குத்தான் எச்சாப் பயம்."

அவள் புதுக் கூரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அப்ப நீங்க மொதல்ல உள்ள போங்க" என்றாள்.

அந்த வாசல் அவர் இடுப்பு உயரம். அவர் தன் வழக்கப்படி நின்று, கழுத்தைச் சாய்க்கப் போனார்.

"மேல பாக்கக் கூடாது!" என்றாள் தங்கம்.

அவர் கழுத்து பாதியில் நின்றது. பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு கூரையைப் பார்க்காமலேயே குனிந்து அதற்குள் நுழைந்தார். முழங்காலை மார்போடு மடக்கி, மண் தரையில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துத் தங்கமும் உள்ளே போனாள். கொட்டாங்குச்சியில் மண்ணை அள்ளி அவர் முன்னால் வைத்தாள்.

அப்போது காற்று வந்தது. தோப்பு முழுக்க இரைந்தது. கீற்று படபடவென்று அடித்துக்கொண்டது. தங்கம் அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. நெற்றி வியர்வை மூக்கு வழியாக இறங்கிக் கொட்டாங்குச்சியில் சொட்டியது.

"மேல பாத்தா சோறு கெடையாது" என்றாள் தங்கம், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"பாக்கலை அம்மிணி. சோறு நல்லா வெந்திருக்குது" என்றார் அவர்.

காற்று அடங்கும் வரை அவர் குனிந்த தலை நிமிரவில்லை. வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.